கட்டுப்பாட்டுக் குழு

வாசிப்பவரே, உங்களை நான் நடுவராக அழைக்கவில்லை. பதினைந்து வயதிலிருந்து நடுவர்களின் முன்னால் நின்று பேசியவன் நான். அவர்களை என் பக்கம் திருப்பும் வித்தை எனக்குத் தெரியும். தெரிந்த காரணத்தாலேயே அவர்கள் இங்கே எனக்குப் பயன்பட மாட்டார்கள். உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். ஹந்தானையில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்து வாசற்படியில் நின்று நான் ஒரு வாக்குக் கொடுத்தேன். அதைக் கேட்டவர்கள் ஐந்தாறு பேர். அவர்களில் எவரும் என்னைத் தேடி வந்து, சொன்னாயே, செய்தாயா என்று கேட்கப்போவதில்லை. நீங்கள் கேட்கலாம். அதற்காகவே நடந்ததை முதலிலிருந்து உங்கள் முன் வைக்கிறேன். எனக்குச் சாதகமாக எங்காவது சொல் வளைந்தால், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் கண்டியில் பிறந்தவன். அப்பா மாநகர சபையில் எழுதுவினைஞர்; வீடு குண்டசாலையில். நகரத்துக்கு வரும் காலை பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, வாய்க்குள்ளேயே பேச்சுகளை ஒத்திகை பார்த்து வளர்ந்தேன். எங்கே மூச்சு எடுப்பது, எந்தச் சொல்லைத் தூக்குவது, எந்த இடத்தில் நிறுத்திச் சபையைக் காத்திருக்க வைப்பது என்பதெல்லாம் அந்த பஸ்ஸில் படிந்த பழக்கம். ஒலிவாங்கி பழுதான மண்டபத்திலும் கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல் என்று பெயர் வாங்கினேன். மருத்துவ பீடத்துக்கு வந்த பிறகும் தமிழில் பேச வேண்டிய மேடைகளுக்கு என்னைத்தான் அழைத்தார்கள். அந்தப் பெருமையை நான் அப்போது மறைக்கவில்லை. இப்போது மறைத்தால் நடந்தது உங்களுக்கு விளங்காது.

நான் நான்காம் ஆண்டில் இருந்தபோது, வட ஐரோப்பாவின் துறைமுக நகரம் ஒன்றிலுள்ள மருத்துவக் கல்லூரியோடு எங்கள் பீடம் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. அவர்களுடைய மாணவர்கள் இங்கு வந்து எங்கள் வார்ட்டுகளில் படிப்பார்கள். எங்களில் இருவர் அங்கே ஆறு வாரம் போய் வருவார்கள். இரு பக்கத்துப் பேராசிரியர்களும் சேர்ந்து ஆய்வு செய்வார்கள். முதல் ஆய்வு, தேயிலைத் தோட்டங்களில் கர்ப்பிணித் தாய்மாருக்கு ஏற்படும் குருதிச்சோகை பற்றியது. மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டம் ஒன்றைத் தெரிந்தெடுத்தார்கள். அங்கே மேல் டிவிசன், கீழ் டிவிசன் என்று இரண்டு. மேல் டிவிசன் தாய்மாருக்கு இரும்புச் சத்தை சேலைன் ஏற்றுவதுபோல ஒரே தடவையில் நரம்பில் ஏற்றுவார்கள். கீழ் டிவிசன் தாய்மாருக்கு வழமையான மாத்திரைகளே கிடைக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இரு பக்கத்தாருக்கும் மாதா மாதம் குருதிப் பரிசோதனை உண்டு. எவருக்காவது அளவு ஆபத்தாகக் குறைந்தால், எந்த டிவிசன் என்று பாராமல் அன்றே கண்டி வைத்தியசாலைக்கு அழைத்து வரவேண்டும். இந்தக் கடைசி விதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஓர் உயிரைக் காப்பாற்றும் விதி அது. அதை எழுதியவர்கள் நல்லவர்கள்.

அந்த நாட்டிலிருந்து வந்த தலைமை வைத்தியர் உயரமான, அதிகம் பேசாத பெண்மணி. முதல் நாளே தோட்டத்துப் பாதையில் காலுறைக்குள் அட்டை ஏறி, இரத்தம் வடிய வடியத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு நின்றவர். எங்கள் பேராசிரியர் சிங்களவர். தமிழ் ஓரளவு புரியும், பேச வராது. ஆகவே சம்மதப் படிவத்தைத் தமிழாக்கவும், தோட்டத்தில் தாய்மார் முன்னால் விளக்கிச் சொல்லவும் ஒரு மாணவன் தேவைப்பட்டான். அந்த மாணவன் யார் என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை, எனக்கும்தான். ஐரோப்பாவுக்குப் போகும் இருவரில் ஒருவனாக நான் இருப்பேன் என்று பேராசிரியர் அப்போதே கோடி காட்டியிருந்தார்.

மூன்று நாள் உட்கார்ந்து அந்தப் படிவத்தைத் தமிழில் எழுதினேன். ஆங்கிலச் சொல் ஒன்றுகூட ஒட்டியிருக்கக் கூடாது என்பது என் பிடிவாதம். ஒப்பீட்டுக்காக வைக்கப்படும் பிரிவை ஆங்கிலத்தில் கன்ட்ரோல் குரூப் என்பார்கள். பாடநூல்களில் உள்ளபடி அதைக் ‘கட்டுப்பாட்டுக் குழு’ என்று எழுதினேன். எழுதிவிட்டு உரக்க வாசித்தேன். நிமிர்ந்து நின்ற சொல்லாகப் பட்டது.

இப்படிப்பட்ட ஆய்வுகளில் ஒரு நடைமுறை உண்டு. மொழிபெயர்த்த படிவத்தை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டும் பொருந்தினால் மொழிபெயர்ப்பு சரி. அந்த வேலையை என் வகுப்பைச் சேர்ந்த யாழ்ப்பாணத்து நண்பன் செய்தான். சிற்றுண்டிச்சாலையில் தேநீரைத் தள்ளி வைத்துவிட்டு இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தான். 

“ஓம் மச்சான், அச்சொட்டாத் திரும்பி வருது. ஒரு சொல்லும் பிசகேல்லை,” என்றான்.

கட்டுப்பாட்டுக் குழு, கன்ட்ரோல் குரூப்பாகவே திரும்பி வந்திருந்தது. ஆங்கிலம் படித்த ஒருவனிடமிருந்து ஆங்கிலம் படித்த இன்னொருவனுக்குப் போய் வந்த சொல் வேறு எப்படித் திரும்பி வரும் என்று அன்று எவரும் கேட்கவில்லை. நெறிமுறைக் குழு முத்திரை குத்தியது. துறைமுக நகரத்திலிருந்து பாராட்டி ஒரு மின்னஞ்சல் வந்தது. அதைப் பல தடவை வாசித்தேன்.

கேட்டவர் ஒருவர் இருந்தார். கர்ப்பிணிகளை வீடு வீடாகப் பார்க்கும் தோட்டத்து மருத்துவமாது. ஐம்பதை நெருங்கியவர், அதே மலைநாட்டில் லயத்தில் பிறந்து படித்து வந்தவர். கூட்டத்துக்கு முந்திய வாரம் அவரைச் சந்தித்தபோது, தனக்கு அதை ஒருக்கா வாசித்துக் காட்டும்படி சொன்னார். அனுமதி கிடைத்த பின்னர் ஓர் எழுத்தையும் மாற்ற முடியாது மிஸ், வாசிப்பதால் பயனில்லை என்று பணிவாகவே பதில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, சரி தம்பி, படிச்சவங்க செஞ்சா சரியாத்தான் இருக்கும் என்றார். அவர் குத்திக் காட்டவில்லை. அப்படியே நம்பினார்.

கூட்டம் கீழ் டிவிசனின் பிள்ளைக் காம்பராவில் நடந்தது. தாய்மார் மலைக்கு வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. சுவரில் யானையும் மயிலும் வரைந்திருந்தார்கள். தொட்டில்களை ஓரமாக ஒதுக்கிவிட்டு எங்களுக்குக் கதிரைகள் போட்டிருந்தார்கள். கர்ப்பிணிகள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் பேராசிரியர், வெளிநாட்டு வைத்தியர், தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தர். மருத்துவமாது வெளியே விறாந்தையில் பிந்தி வந்தவர்களின் நிறையை எடுத்துக்கொண்டிருந்தார். மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. எனக்கு மழை ஒரு பொருட்டே அல்ல. குரலை அதற்கு மேலே தூக்கினேன்.

நல்ல பேச்சு அது. தாய்மையைப் பற்றி ஆரம்பித்து, உலகின் இரு முனைகளிலிருந்து இரண்டு கல்விக்கூடங்கள் இந்த மலைக்கு வந்து கைகோர்த்திருப்பதைச் சொல்லி, ஒரு கட்டத்தில் நிறுத்தினேன். பிறகு சொன்னேன்: “இந்தக் கீழ் டிவிசனைச் சேர்ந்த தாய்மார் அனைவரும் கட்டுப்பாட்டுக் குழுவில் இணைக்கப்படுகிறீர்கள்.”

சபை அடங்கிப் போயிற்று. முன் வரிசையில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒருத்தி சேலையை இழுத்து மூடினாள். மேடைக்குப் பழகியவனுக்கு அமைதியில் தரம் பிரிக்கத் தெரியும் என்று நினைத்திருந்தேன். சொல் போய்ச் சேர்ந்துவிட்டது என்று என் உடம்பு எனக்குச் சொன்னது. உண்மைதான், சேர்ந்திருந்தது.

கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றேன். பிறகு பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்தாள். மெலிந்தவள், இருபத்திரண்டு இருபத்துமூன்று வயது இருக்கலாம், நான்கு மாதம். முந்திய வருடம் ஆறாம் மாதத்தில் ஒரு பிள்ளையை இழந்தவள் என்று மருத்துவமாதின் பதிவில் பார்த்திருந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“ஐயா, எனக்கு இன்னும் ஒரு புள்ளகூட இல்லீங்க. நானும் கட்டுப்பாட்டுலதாங்களா?”

முதல் பிள்ளைக்காரியைச் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்கிறாள் என நினைத்தேன். தான் விடப்பட்டுவிடுவேனோ என்ற கவலை அந்தக் குரலில் இருப்பதாக எனக்குப் பட்டது. ஆறுதல் சொல்வதுபோலச் சிரித்துக்கொண்டு பதில் சொன்னேன்.

“ஆமாம்மா. எல்லோருக்கும் ஒன்றுதான். ஒருவரையும் விடமாட்டோம்.”

அவள் உட்கார்ந்துவிட்டாள். பேராசிரியர் என் தோளில் தட்டினார். நலன்புரி உத்தியோகத்தர் பெயர்களை வாசிக்க, ஒவ்வொருவராக வந்து கையெழுத்து வைத்தார்கள்; குருதியும் கொடுத்தார்கள். தோட்டத்து அதிகாரியும் வெள்ளைக்காரரும் உட்கார்ந்திருக்கும் அறையில் மாட்டேன் என்று சொல்லிப் பழகாதவர்கள் அவர்கள். அந்த மெலிந்த பெண் நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். ஊசிக்குப் பயம் என்று நினைத்து, ஒன்றும் செய்யாது என்றேன்.

பத்து நாளில் முடிவுகள் வந்தன. பெயர்கள் இருக்கவில்லை, இலக்கங்கள்தான். கீழ் பதினேழு என்ற இலக்கத்துக்கு எதிரே இருந்த அளவு, இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. மருத்துவமாதுக்கு உடனே அறிவித்தோம்; அவருடைய பதிவில் அந்த இலக்கம், கேள்வி கேட்ட அந்த மெலிந்த பெண்ணுடையது. அவர் அன்றே லயத்துக்குப் போனார். மாமியார் வாசலிலேயே நின்று, அவள் ஊரில் இல்லை, சொந்தத்தில் ஒரு விசேஷத்துக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். மறு வாரமும் அதே பதில். அந்த மாதப் பரிசோதனைக்குக் கீழ் டிவிசனிலிருந்து ஒருவரும் வரவில்லை. அதைவிட மோசம், மருத்துவமாதின் வழமையான கிளினிக்குக்கும் வராமல் விட்டார்கள்.

படிவத்தில் விலகியதற்கான காரணத்தை எழுத ஒரு கட்டம் உண்டு. ஒவ்வொரு இலக்கத்துக்கும் எதிரே ‘ஆர்வமின்மை’ என்று எழுதினேன். என் கையெழுத்து எப்போதும் அழகானது. அந்த மாதம் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான விவாதப் போட்டியும் இருந்தது. எங்கள் அணி வென்றது. கிண்ணத்தோடு எடுத்த புகைப்படத்தை அம்மா சட்டம் போட்டு மாட்டினார். இன்னும் வரவேற்பறையில் இருக்கிறது.

மூன்றாம் மாதமும் கீழ் டிவிசன் வராதபோது பேராசிரியருக்குப் பொறுமை போயிற்று. இலக்கம் பதினேழின் தாள் தன் மேசையில் ஏன் இன்னும் கிடக்கிறது என்று கேட்டார். நேரில் போய்க் கண்டுபிடி என்றார். பீடத்து வேனில் காலையிலேயே புறப்பட்டேன்; தோட்டத்தில் மருத்துவமாதும் ஏறிக்கொண்டார்.

லயத்துக்கு ஏறும் படியில் கால் வைத்ததும், ஒரு வீட்டு ஜன்னல் சாத்தப்பட்டது. பிறகு அடுத்தது. மலைத் தண்ணீர் விழும் பீலியடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த வயதான பெண் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

“வாங்க, கட்டுப்பாட்டு ஐயா. இன்னைக்குக் கத்தியும் கொண்டாந்தீங்களா, வெறும் வாயிதானா?”

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அதில் ஒருத்தி, அவருக்கு வாயே போதும்டி என்றாள். நான் மருத்துவமாதைப் பார்த்தேன். அவர் முகத்தில் நிறமே இல்லை. படியில் நின்றபடியே கேட்டார்.

“தம்பி, அன்னைக்கு உள்ளுக்கு என்னா சொன்னீங்க? சொன்ன மாதிரியே சொல்லுங்க.”

சொன்னேன். எனக்கு என் பேச்சுகள் மறப்பதில்லை. அனைவரும் கட்டுப்பாட்டுக் குழுவில் இணைக்கப்படுகிறீர்கள் என்ற இடத்துக்கு வந்ததும் அவர் அந்த ஈரப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“கட்டுப்பாடுன்னா இங்க ஆப்பரேசன் தம்பி. புள்ள பெறாம வயித்தக் கட்டுறது. ‘கட்டுப்பாடு பண்ணியாச்சா’ன்னுதான் கேப்பாங்க. வேற அர்த்தமே கெடையாது.”

குடும்பக் கட்டுப்பாடு என்ற சொல் எனக்குத் தெரியாததல்ல. சுவரொட்டிகளில் பார்த்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அந்த இரண்டு சொற்களில் முதலாவது உதிர்ந்துபோய், இரண்டாவது மட்டும் இந்த லயங்களில் பல காலமாகத் தனியே வாழ்ந்து வந்திருக்கிறது. கேட்காமலே வயிற்றைக் கட்டி அனுப்பிவிட்டார்கள் என்று சொல்லும் பெண்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். நான் அந்தச் சொல்லை உரத்த குரலில், வெள்ளைக்கார வைத்தியர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அனைவருக்கும் என்று அறிவித்தேன். பிறகு கையெழுத்தும் இரத்தமும் வாங்கினேன்.

அப்போதுதான் அந்தக் கேள்வி என் காதில் மறுபடி விழுந்தது. எனக்கு இன்னும் ஒரு புள்ளகூட இல்லீங்க. அதற்கு நான் சிரித்துக்கொண்டு சொன்ன பதிலும் விழுந்தது. விவாதத்தில் எதிரணியின் கேள்வியைத் தவறாக விளங்கிக்கொண்டால் புள்ளிகள் போகும். இங்கே என்ன போகும் என்று எனக்கு அந்தப் படியில் நின்றபோது தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் தெரிய வந்தது.

மாமியாரிடம் மருத்துவமாது கோயில் பக்கம் கையை நீட்டிச் சத்தியம் செய்தார். ஆப்பரேசன் இல்லை, ஆப்பரேசன் இருந்ததே இல்லை, மருமகளுக்கு இரத்தம் குறைவு, உயிருக்கு ஆபத்து என்று மூன்று தடவை சொன்னார். என் பக்கம் திரும்பாமல் மாமியார் கடைசியில் பதில் சொன்னார்: ஹந்தானையில் அவளுடைய ஆத்தா வீட்டில் இருக்கிறாள்.

ஹந்தானை மலை எங்கள் பக்கத்திலேயே இருப்பது. நூலகத்தின் மேல் மாடியில் நான் வழமையாக உட்காரும் மேசையிலிருந்து அதன் தேயிலைச் சரிவு தெரியும். மூன்று மாதம் அவள் அங்கே இருந்திருக்கிறாள். அங்குள்ள மருத்துவமாதிடமும் பதியவில்லை. பதிந்தால் பெயர் பட்டியலுக்குப் போகும், பட்டியல் எங்கள் கைக்கு வரும் என்று பயம். மாத்திரையும் இல்லை, பரிசோதனையும் இல்லை.

வேனைத் திருப்பிக்கொண்டு போனோம். வழியில் மருத்துவமாது ஒரு வார்த்தையும் என்னைத் திட்டவில்லை. அன்றைக்கு நீங்க கேட்டீங்களே மிஸ், வாசிச்சுக் காட்டச் சொல்லி, என்று நானாகவே ஆரம்பித்தேன். அதை இப்போது பேச வேண்டாம் என்று கையால் தடுத்தார். பிற்பகல் மூன்று மணியளவில் லயத்தை அடைந்தோம். அவளுடைய காம்பராவுக்குப் பூட்டுப் போட்டிருந்தது. காலையில் இரத்தம் போகத் தொடங்கி, துணிகளைச் சுற்றி, முச்சக்கர வண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். வாசலில் சிமெந்துத் தரையை யாரோ கழுவிவிட்டிருந்தார்கள். முழுவதும் போகவில்லை.

வார்ட்டில் எனக்குத் தெரிந்த இளம் வைத்தியர் ஒருவர் கடமையில் இருந்தார். அவளுடைய சிகிச்சைக் குறிப்புத் தாளை என் கையில் கொடுத்தார். வாய்விட்டுச் சொல்ல அவருக்கு விருப்பமிருக்கவில்லை. பெண் குழந்தை, உயிரோடு பிறக்கவில்லை. குருதிப்பெருக்கை நிறுத்த முடியவில்லை. ஏற்கனவே உடம்பில் இரத்தம் இல்லாத பெண். காத்திருக்க நேரம் இருக்கவில்லை. தாயைக் காப்பாற்றக் கருப்பையை அகற்றிவிட்டார்கள். செய்ய வேண்டியதைத்தான், செய்ய வேண்டிய வேகத்தில் செய்திருந்தார்கள். அவர்கள் அப்படிச் செய்யாமல் விட்டிருந்தால் அவளும் இல்லை.

கூடத்தில் அவளுடைய தாய் பொலித்தீன் பையொன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குள் புதிதாகத் தைத்த சின்னச் சட்டைகள் இருந்தன. என்னை யாரென்று அவருக்குத் தெரியாது. மகளைப் பற்றி நல்ல செய்தி கொண்டுவந்த டொக்டர் என்று நினைத்து எழுந்து கும்பிட்டார்.

அவள் கண் விழித்துப் பேசும் நிலைக்கு வர இரண்டு நாள் ஆயிற்று. மருத்துவமாதோடு போனேன். என்ன பேசுவது என்று வழியெல்லாம் கோத்திருந்தேன்: சொல் தவறு, மொழிபெயர்ப்பின் எல்லைகள், பொறுப்பு என்னுடையது. அவள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். கையில் ஏறிக்கொண்டிருந்த இரத்தத்தைப் பார்த்தபடி, மெதுவாக, கோபமே இல்லாமல் சொன்னாள்.

“நீங்க சொன்ன மாதிரியே ஆயிருச்சுங்க ஐயா.”

மருத்துவமாதுதான் அவள் தலையை வருடி, எது எப்படி நடந்தது என்று மெல்ல மெல்ல விளக்கினார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். நம்பினாளா என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம், இரு கல்லூரிகளும் இணையவழிக் கூட்டத்தில் சந்தித்தன. திரையில் அந்தத் துறைமுக நகரம் காலை வெளிச்சத்தில் இருந்தது, எங்களுக்குப் பிற்பகல். நடந்ததை நானே சொல்லவேண்டும் என்று பேராசிரியரிடம் கேட்டிருந்தேன். ஆங்கிலத்தில், ஒன்றையும் குறைக்காமல் சொன்னேன். ‘ஆர்வமின்மை’ என்று நான் எழுதிய கட்டங்களையும் திரையில் காட்டினேன். என் யாழ்ப்பாணத்து நண்பன் மேசையைப் பார்த்தபடியே இருந்தான். தானும் அதில் பங்காளி என்றான். அவனுக்கு அந்தச் சொல்லின் மலையகப் பொருள் தெரிந்திருக்க வழியில்லை என்றேன். நாடு திரும்பியிருந்த வெளிநாட்டு வைத்தியர் திரையில் தன் குறிப்பேட்டை மூடிவைத்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: அந்தத் தோட்டத்தவர்களில் ஒருவருக்காவது அந்தப் படிவத்தை முன்கூட்டி வாசித்துக் காட்டினோமா? மருத்துவமாது கேட்டதையும் நான் மறுத்ததையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். இது தங்கள் பக்கத்துப் பிழையும்தான், முத்திரையைப் பார்த்துத் திருப்தியடைந்துவிட்டோம் என்றார். ஆய்வை நிறுத்தி வைத்தார்கள்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது துறையிலிருந்த ஒரு விரிவுரையாளர் என் கையைப் பற்றி, மிக அருமையாகப் பேசினாய், சபையே கலங்கிப்போயிற்று என்றார். உங்களிடம் ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தப் பாராட்டைக் கேட்ட அந்தக் கணத்தில் என் நெஞ்சு பழைய இடத்திலேயே குளிர்ந்தது. அதை உணர்ந்ததும் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். ஆறு வாரப் பயணத்துக்கான என் பெயரை மறுநாள் விலக்கிக்கொண்டேன். அதைத் தியாகம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். அங்கே போய் இதைப் பற்றி நன்றாகப் பேசிவிடுவேனோ என்று பயந்தேன்.

அவளை வீட்டுக்கு அனுப்பி மூன்று வாரங்களுக்குப் பிறகு ஹந்தானைக்குப் போனேன். மருத்துவமாதும் வந்தார். அவள் வாசற்படியில் தலையணையில் சாய்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். கணவன் கொழும்பில் கடையொன்றில் வேலை. வந்து இரண்டு நாள் நின்றுவிட்டுத் திரும்பிப் போயிருந்தான். அவளுடைய தாய் எங்களுக்குப் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தார். நான் யார் என்று இதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கான கோப்பையைக் கையில் கொடுக்காமல் படியில் வைத்தார்.

மடுல்கெல்லப் பக்கம் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று அவளே சொன்னாள். அவளாகவே போய்க் கட்டுப்பாடு பண்ணிக்கொண்டாள், வெள்ளைக்காரரிடம் கையெழுத்து வைத்தபோதே அவளுக்கு எல்லாம் தெரியும் என்று மாமியார் வீட்டில் பேச்சு. கீழ் டிவிசனில் இரண்டு பேருக்கு இப்போது ஏழாம் மாதம். இன்னும் கிளினிக்குக்குப் போகவில்லை. தன்னைப் பார்த்த பிறகு இன்னும் பயந்துவிட்டார்கள் என்றாள். 

என்னால் என்ன செய்ய முடியும் என்று கேட்டேன். 

“நீங்க பேசுறவருதானேங்க. போயிப் பேசுங்க.”

நான் சொல்லத் தொடங்கினேன். தவறான புரிதலை நீக்கும் பொருட்டு விளக்கக் கூட்டம் ஒன்றை ஒழுங்குசெய்து என்று ஒரு வாக்கியம் நடுவழி வரை போயிற்று. அவள் தலையை ஆட்டினாள். அப்படிச் சொன்னால் அங்கே ஒருவருக்கும் விளங்காது, நேராகச் சொல்லுங்கள் என்றாள். மறுபடி சொன்னேன். இன்னும் விளங்கவில்லை என்றாள். மருத்துவமாது ஒரு சொல்லை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டார். மூன்றாம் தடவை அவள் பேசாமல் கேட்டுவிட்டு, பக்கத்துக் காம்பரா வாசல்களைப் பார்த்தாள். அங்கே இரண்டு மூன்று பெண்கள் அரிசி புடைப்பதுபோல நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“சத்தமாச் சொல்லுங்க,” என்றாள். “அவுங்களுக்கும் கேக்கட்டும்.”

மழையை மீறித் தூக்கிய அதே குரல்தான். இந்த முறை அதை மேடைக்குத் தூக்குவதுபோலத் தூக்கவில்லை. எழுந்து நின்றேன். மூச்சை எங்கே எடுப்பது என்று தெரியவில்லை. அந்தச் சின்ன வாசலுக்கு மட்டும் போதுமான சத்தத்தில், அவளைப் பார்த்துச் சொன்னேன்:

“வார வெள்ளிக்கிழமை கீழ் டிவிசனுக்குப் போறேன். ஒங்க மாமியார் முன்னுக்கு நின்னு, தப்பு ஒங்க மேல இல்ல, தப்பாச் சொன்னது நாந்தான்னு சொல்றேன். அந்த ரெண்டு பேரையும் மிஸ்ஸோட கிளினிக்குக்கு நானே கூட்டிக்கிட்டு வாறேன். இனிமே நான் சொன்னத அவுங்க அவுங்க வாயால எனக்குத் திருப்பிச் சொல்ற வரைக்கும், ஒருத்தருகிட்டயும் நான் கையெழுத்து வாங்க மாட்டேன்.”